இயன்முறை மருத்துவத்தில் உடற்பயிற்சி

பிசியோதெரபி என்று பரவலாக அறியப்படும் இயன்முறை மருத்துவத்தில், நோயாலோ காயத்தாலோ அறுவை சிகிச்சையாலோ முதுமையாலோ குன்றிப்போன உடலியக்கத்தை மீட்க, அவரவர் நிலைக்கேற்ப அளவிட்டுத் தரப்படும் அசைவுகள் சிகிச்சைப் பயிற்சி எனப்படுகின்றன. சிகிச்சையாளர் நோயாளியின் கைகால்களை அசைத்துக்கொடுப்பது, நோயாளி பாதி முயல மீதியைச் சிகிச்சையாளர் தாங்குவது, நோயாளி தானாகவே அசைப்பது, எடையையோ எதிர்விசையையோ வென்று அசைப்பது என இதில் படிகள் உண்டு. மூச்சுப் பயிற்சி, தடுமாறாமல் நிற்கும் பயிற்சி, நடைப்பயிற்சி ஆகியனவும் இதில் அடங்கும்.

வெப்ப ஒத்தடம், மின்தூண்டல், பிடித்துவிடுதல் போன்றவை இத்துறையில் இன்றும் உள்ளன. ஆனால் அவை துணை, பயிற்சியே மையம். இந்த வரிசை அமைய ஏறத்தாழ 200 ஆண்டுகள் ஆயின. முதலில் சிகிச்சையாளரின் கைகளும் பிறகு இயந்திரங்களும் செய்துவந்த வேலை, படிப்படியாக நோயாளியின் சொந்த உழைப்புக்குக் கைமாறியதே இதன் வரலாறு. அந்த மாற்றத்துக்கு நீண்ட காலம் குறுக்கே நின்றது படுக்கை.

பழைய மருத்துவ நூல்களில்

உடற்பயிற்சியை மருந்தாகக் கருதும் எண்ணம் மிகப் பழையது. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் கிரேக்கப் பயிற்சியாளர் ஹெரோடிக்கஸ் நோயாளிகளுக்கு நடையையும் மல்யுத்தத்தையும் பரிந்துரைத்ததாகக் கூறப்படுகிறது. பழைய இந்திய மருத்துவ நூலான சுசுருத சம்ஹிதை உடற்பயிற்சியின் பலன்களையும், வலிமையில் பாதிக்கு மேல் செலவிடக் கூடாது என்ற வரம்பையும் சேர்த்தே சொல்கிறது. பெர்கமோன் நகரில் வாள்வீரர்களுக்கு மருத்துவம் பார்த்த கேலன், மூச்சு வாங்க வைக்கும் அசைவுதான் பயிற்சி, மற்றது வெறும் அசைவு என்று பிரித்தார். பாரசீக மருத்துவர் இப்னு சீனாவின் நூலிலும் பயிற்சிக்குத் தனி இடம் உண்டு. இத்தாலியரான ஜிரோலமோ மெர்குரியாலே 1569இல் வெனிசில் வெளியிட்ட உடற்பயிற்சிக் கலை நூல் பழைய கருத்துகளையெல்லாம் ஒன்றுதிரட்டியது.

இவற்றில் பெரும்பாலானவை நலமாக இருப்பவர் நலமாகவே இருப்பதற்கான அறிவுரைகள். முறிந்த காலுக்கும் விழுந்துபோன கைக்கும் என்ன அசைவு, எப்போது, எவ்வளவு என்ற கேள்வியை நேராக எடுத்துக்கொண்டவர்களுள் முன்னோடி, பிரெஞ்சுப் படையின் அறுவை மருத்துவர் கிளெமான் ஜோசப் டிசோ. அவர் 1780இல் எழுதிய நூல், அறுவைக்குப் பிறகும் பக்கவாதத்திலும் நோயாளியை நீண்ட நாள் கிடத்திவைப்பதைக் கண்டித்தது. மருத்துவ உலகம் அந்தக் கருத்துக்கு வந்து சேர இன்னும் 150 ஆண்டுகளுக்கு மேல் தேவைப்பட்டது.

ஸ்டாக்ஹோம்: கைகளும் இயந்திரங்களும்

முறையான சிகிச்சைப் பயிற்சியின் தொட்டில் சுவீடன். வாள்வீச்சு ஆசிரியரான பெர் ஹென்ரிக் லிங் (1776–1839) 1813இல் அரசு ஆதரவோடு ஸ்டாக்ஹோமில் மத்திய உடற்பயிற்சிக் கழகத்தை நிறுவினார். உடற்பயிற்சியைக் கல்விக்கானது, படைக்கானது, மருத்துவத்துக்கானது, அழகியலுக்கானது என்று நான்காகப் பகுத்தார் லிங். மருத்துவப் பிரிவில் பயிற்சியாளர் தம் கையால் நோயாளியின் அசைவைச் சற்றே தடுப்பார். நோயாளி அந்தத் தடையை மீறி அசைப்பார். தடையின் அளவை ஒவ்வொரு கணமும் பயிற்சியாளரின் கை தீர்மானிக்கும். எடைக்கட்டியால் செய்ய முடியாத நுட்பம் இது. இன்றும் பிசியோதெரபிஸ்ட் நோயாளியின் முன்கையைப் பிடித்து, "என்னைத் தள்ளுங்க, விடாதீங்க" என்று சொல்லும்போது நடப்பது இதுவேதான்.

லிங்கின் கோட்பாடுகள் பல காலாவதியாகிவிட்டன. தொடங்கும் நிலை, அசைவின் திசை, எண்ணிக்கை, முடியும் நிலை என ஒவ்வொரு பயிற்சியையும் எழுதிவைக்கலாம், எழுதியதை இன்னொருவர் அப்படியே செய்விக்கலாம் என்று அவருடைய பள்ளி ஏற்படுத்திய ஒழுங்கு மட்டும் நிலைத்தது. 1887இல் சுவீடனின் அரசு நலவாழ்வு வாரியம் மருத்துவ உடற்பயிற்சியாளர்களுக்கு உரிமம் வழங்கத் தொடங்கியது.

இதே நகரில் குஸ்டாவ் சாண்டர் (1835–1920) வேறொரு வழி கண்டார். அவர் குடும்பத்தார் நடத்திய பெண்கள் பள்ளியில் லிங் முறையைக் கற்பித்தபோது, ஒருவருக்கு ஒரு பயிற்சியாளர் என்றால் எல்லாப் பிள்ளைகளுக்கும் கை போதாது என்று உணர்ந்தார். நெம்புகோலும் நகர்த்தக்கூடிய எடையும் கொண்ட இயந்திரங்களைச் செய்து, 1865இல் 27 இயந்திரங்களோடு ஒரு நிலையம் திறந்தார். நெம்புகோலில் எடை எங்கே நிற்கிறது என்று குறித்துவைத்தால் இன்று எவ்வளவு, நாளை எவ்வளவு என்பது எண்ணாகிவிடும். பயிற்சியின் அளவு எண்ணாக எழுதப்பட்டது இங்கேதான். 1876 பிலடெல்பியா கண்காட்சியில் பரிசு பெற்றபின் சாண்டர் நிலையங்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவின. நீராவியால் இயங்கி நோயாளியின் உடலைத் தாமே குலுக்கிய, தேய்த்த, வளைத்த இயந்திரங்களும் அவற்றில் இருந்தன. வசதி படைத்தோர் அவற்றைத்தான் அதிகம் விரும்பினர். முதல் உலகப் போருக்குப் பின் இந்த நிலையங்கள் தேய்ந்து மறைந்தன.

ஓய்வா, அசைவா

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அறுவை மருத்துவம் இரண்டு கட்சியாக நின்றது. லண்டனில் ஜான் ஹில்டன் 1863இல் ஓய்வே பெரும் மருந்து என்று நூல் எழுதினார். லிவர்பூலில் ஹியூ ஓவன் தாமஸ் மூட்டுக் காசநோய்க்கு நீண்ட, இடைவிடாத, கட்டாய ஓய்வை வலியுறுத்தி, அதற்கான தாங்கிகளையும் வடிவமைத்தார். நுண்ணுயிர்க்கொல்லி இல்லாத காலத்தில், சீழ்பிடித்த மூட்டுக்கு அந்த ஓய்வு உயிர்காக்கும் சிகிச்சை. ஆனால் அது எல்லா மூட்டுக்கும் எல்லா முறிவுக்கும் விதியாகிவிட்டது. எலும்பு கூடிய பின் கட்டைப் பிரித்தால், மெலிந்த தசையும் மடங்காத முழங்காலும் மிஞ்சின.

எதிர்க்கட்சியின் தலைவர் பாரிசின் ஜுஸ்ட் லூக்கா-ஷாம்பியோனியே. முறிந்த எலும்புக்கு மென்மையான தடவலும் தொடக்கத்திலிருந்தே சிறு அசைவும் வேண்டும் என்று அவர் வாதிட்டு, 1895இல் விரிவான நூலாகவும் எழுதினார். சமகாலத்தவர் பலர் அதைப் பொறுப்பற்ற துணிச்சல் என்று கருதினர்.

சுவிட்சர்லாந்தின் ஹைடன் ஊரில் ஹைன்ரிக் ஃப்ரெங்கல் 1887இல் கண்டது இந்த விவாதத்துக்கே வெளியே இருந்தது. முதுகுத்தண்டைப் பாதிக்கும் முற்றிய சிபிலிஸ் நோயால் நடை தடுமாறிய ஒருவரிடம், கண்ணை மூடி விரலால் மூக்கைத் தொடச் சொன்னார், அவரால் முடியவில்லை. சில மாதங்கள் கழித்து வந்த அதே ஆள் சரியாகத் தொட்டார். நோய் குறையவில்லை. சோதனையில் தேறுவதற்காக வீட்டிலேயே பழகியிருந்தார். சேதமான நரம்பு அப்படியே இருக்க, செயல் மட்டும் திரும்பியிருக்கிறது என்பதை ஃப்ரெங்கல் பிடித்துக்கொண்டார். தரையில் கோடும் பாதத்தடமும் வரைந்து, எண்ணிக்கொண்டே காலடி வைக்கப் பழக்கும் முறையை வகுத்தார். ஒருங்கிணைவுக் குறைபாட்டுக்கு ஃப்ரெங்கல் பயிற்சி இன்றும் கற்பிக்கப்படுகிறது. மூளை பழக்கத்தால் மாறுகிறது என்று நரம்பியல் ஆய்வகங்கள் காட்டுவதற்கு வெகுகாலம் முன்பே ஒரு நோயாளி அதை வீட்டில் செய்துகாட்டிவிட்டார்.

தொழிலாக உருவாதல்

1894இல் லண்டனில் லூசி ராபின்சன், ரோசலிண்ட் பாஜெட், எலிசபெத் மேன்லி, மார்கரெட் பாமர் என்ற நான்கு பெண்கள் பயிற்சி பெற்ற தடவல் சிகிச்சையாளர் சங்கத்தைத் தொடங்கினர். தடவல் நிலையம் என்ற பெயரில் நடந்த முறைகேடுகளிலிருந்து தங்கள் தொழிலின் மானத்தைக் காப்பது உடனடி நோக்கம். மருத்துவர் அனுப்பாமல் யாருக்கும் சிகிச்சை இல்லை, ஆண்களுக்குப் பொதுவாகச் சிகிச்சை இல்லை என்று கடுமையான விதிகள் வகுத்தனர். 1920இல் அரச சாசனம் பெற்றபோது சங்கத்தின் பெயரில் மருத்துவ உடற்பயிற்சியும் சேர்ந்தது. 1944இல் அது பட்டய இயன்முறை மருத்துவச் சங்கமாயிற்று.

இடையே வந்த முதல் உலகப் போர் கையில்லா, காலில்லா, மூட்டு இறுகிய இளைஞர்களை லட்சக்கணக்கில் திருப்பி அனுப்பியது. அமெரிக்கப் படை இதற்காகப் பெண்களைப் பயிற்றுவித்துச் சீரமைப்பு உதவியாளர்களாக நியமித்தது. அவர்களில் முதல்வரான மேரி மெக்மில்லன் 1918இல் வால்டர் ரீட் மருத்துவமனையில் பணியைத் தொடங்கினார். 1921இல் தடவலும் சிகிச்சைப் பயிற்சியும் பற்றிய அவருடைய நூல் வந்தது. அதே ஆண்டு உருவான அமெரிக்கச் சங்கத்துக்கு அவரே முதல் தலைவர். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியரிடம் சிறைப்பட்டு, மணிலாவின் சாண்டோ தோமாஸ் முகாமில் சக கைதிகளுக்கும் சிகிச்சை செய்தார்.

இளம்பிள்ளை வாதத்தின் காலம்

இயன்முறை மருத்துவத்துக்கு அதன் அளவுகோல்களைத் தந்தது இளம்பிள்ளை வாதம் எனப்படும் போலியோ. 1916இல் அமெரிக்காவில் மட்டும் சுமார் 27,000 பேரை அது தாக்கியது. ஏறத்தாழ 6,000 பேர் இறந்தனர். பிழைத்தவர்களுள் பலர், எந்தத் தசை வேலை செய்யும், எது செய்யாது என்று ஊகிக்கவே முடியாத உடலோடு எஞ்சினர். ஒரே தொடையில் ஒரு தசை முழு வலிமையோடும் அடுத்தது செத்தும் கிடக்கும்.

பாஸ்டனின் எலும்பு மருத்துவர் ராபர்ட் லவெட்டும் அவரிடம் பணியாற்றிய உடற்பயிற்சி நிபுணர் வில்ஹெல்மின் ரைட்டும் ஒவ்வொரு தசையையும் தனித்தனியே சோதிக்கும் முறையை வகுத்தனர். அவர்கள் எடுத்துக்கொண்ட அளவுகோல் புவியீர்ப்பு. அதற்குக் கருவி தேவையில்லை, எந்த ஊரிலும் மாறாது. முழங்காலை நீட்டும் தொடைத் தசையை எடுத்துக்கொள்வோம். குழந்தையைக் கட்டிலின் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்காரவைத்து, காலை நீட்டச் சொல்வார்கள். புவியீர்ப்பை வென்று கால் முழுதும் நீண்டால் 3. சோதிப்பவர் கணுக்காலுக்கு மேல் கைவைத்து அமுக்கியும் ஓரளவு தாங்கினால் 4; முழு அமுக்கத்தையும் தாங்கினால் 5. நீட்ட முடியவில்லையா, குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, எடை தெரியாதபடி காலைத் தாங்கிக்கொள்வார்கள். அப்போது நீண்டால் 2. அசைவே இல்லாமல் விரல் நுனியில் ஒரு துடிப்பு மட்டும் தட்டுப்பட்டால் 1. அதுவும் இல்லையேல் 0. லவெட் காலத்துத் தரங்கள் சொற்களாக இருந்தன. இந்த எண்வரிசையைப் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு 1943இல் நிலைப்படுத்தியது. இன்று தமிழ்நாட்டு மருத்துவமனைச் சீட்டுகளிலும் "3/5" என்று எழுதப்படுவது இதுதான். பயிற்சியும் இந்த எண்ணைப் பொறுத்தே மாறும்: 2 என்றால் மேசைமேல் வழுக்கவிட்டு அசைப்பது, 3 என்றால் தூக்குவது, 4 என்றால் எடை கட்டுவது.

ஆனால் வலுவான தசை நலிந்ததை இழுத்துக் கோணலாக்கிவிடும் என்ற அச்சம் மருத்துவரிடையே மிகுந்தது. குழந்தைகள் மாதக்கணக்கில் மாவுக்கட்டிலும் மரச்சட்டத்திலும் கிடத்தப்பட்டனர். இதை உடைத்தவர் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து நாட்டுப்புறத்தில் பணியாற்றிய எலிசபெத் கென்னி (1880–1952). முறையான செவிலியர் பட்டம் இல்லாதவர். முதல் உலகப் போரில் படைச் செவிலியாக இருந்து "சிஸ்டர்" என்ற பதவிப் பெயர் பெற்றவர். வெந்நீரில் முக்கிப் பிழிந்த கம்பளித் துண்டுகளைத் தசைமேல் சுற்றி, வலியும் இறுக்கமும் தணிந்ததும் கையால் மெல்ல அசைத்து, அந்த அசைவைக் குழந்தையின் கவனத்துக்குக் கொண்டுவருவார். எந்தத் தசை, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பார்.

1938இல் குவீன்ஸ்லாந்து அரசு விசாரணைக் குழு அவருடைய முறையைக் கடுமையாக நிராகரித்தது. 1940இல் அமெரிக்கா சென்ற கென்னிக்கு மின்னியாபோலிஸ் மருத்துவர்கள் வார்டைத் திறந்துவிட்டனர். 1942இல் அவர் பெயரிலேயே நிறுவனம் எழுந்தது. நோயைப் பற்றி அவர் சொன்ன விளக்கம் பெரும்பாலும் தவறு. கிருமி தசையைத் தாக்கவில்லை, தண்டுவட நரம்பணுக்களைத் தாக்குகிறது என்பதில் அவரை மறுத்தவர்களே சரி. ஆனாலும் மாவுக்கட்டை அவிழ்த்தது அவர்தான். சிகிச்சையில் விளக்கம் தவறாகவும் செயல் சரியாகவும் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இத்துறையில் இல்லை. பால்டிமோரின் ஹென்றி, ஃபுளோரன்ஸ் கெண்டால் தம்பதியர் அவரோடு உடன்படாதவர்கள். அவர்கள் 1949இல் வெளியிட்ட தசைச் சோதனை நூல் பல பதிப்புகள் கண்டு இன்றும் வகுப்பறைகளில் இருக்கிறது.

எடைக்கட்டியும் இரும்புச் செருப்பும்

தாமஸ் டிலோர்ம் சிறுவயதில் வாதக் காய்ச்சலால் மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தவர். எழுந்தபின் பளு தூக்கித் தம்மைத் தேற்றிக்கொண்டார். இரண்டாம் உலகப் போரின்போது சிகாகோவின் கார்டினர் படை மருத்துவமனையில் மருத்துவரானபோது, முழங்கால் அறுவை செய்துகொண்ட வீரர்கள் மாதக்கணக்கில் தேறாமல் கிடப்பதைப் பார்த்தார். அன்றைய வழக்கம் குறைந்த எடை, நிறைய எண்ணிக்கை. டிலோர்ம் தலைகீழாக்கினார். பாதத்தில் இரும்புச் செருப்பைக் கட்டி அதில் எடையை ஏற்றி, சரியாக 10 முறை மட்டுமே தூக்க முடிந்த எடை எது என்று கண்டார். அதையே அலகாகக் கொண்டு பயிற்சியை வகுத்து, வாரந்தோறும் எடையைக் கூட்டினார். 1945இல் முதல் கட்டுரை வந்தது. முதலில் 70 முதல் 100 தடவை வரை தூக்கச் சொன்னவர், 1948இல் ஆர்தர் வாட்கின்சோடு சேர்ந்து அதைச் சுருக்கினார்: அலகில் பாதி எடையில் 10, முக்கால் எடையில் 10, முழு எடையில் 10. உலகெங்கும் உடற்பயிற்சிக் கூடங்களில் சொல்லப்படும் "மூன்று செட், பத்து ரெப்" என்ற வாய்பாடு இப்படி ஒரு படை மருத்துவமனையில் முழங்கால் நோயாளிகளுக்காகப் பிறந்தது.

பயிற்சிக்கு மருந்தைப் போல அளவு உண்டு, அந்த அளவு நோயாளியின் இன்றைய வலிமையிலிருந்து கணக்கிடப்பட வேண்டும், வலிமை கூடக் கூட அளவும் கூட வேண்டும் என்ற மூன்றையும் டிலோர்ம் ஒருசேர நிறுவினார். இந்த மூன்றில் கடைசியே நடைமுறையில் அதிகம் மறக்கப்படுகிறது. முதல் நாள் தந்த பயிற்சித் தாளையே ஆறு மாதமாக வைத்துக்கொண்டிருக்கும் நோயாளியின் தசை, முதல் சில வாரங்களுக்குப் பின் வளர்ந்திருக்க வழியில்லை.

படுக்கையின் வீழ்ச்சி

போர்க்காலத்தில் கட்டில்களின் தட்டுப்பாடு அறுவை நோயாளிகளைச் சீக்கிரம் எழுப்பிவிட வைத்தது. அவர்கள் கெட்டுப்போகவில்லை, நன்றாகவே தேறினர். 1947இல் லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் ஆஷர் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் படுக்கையின் ஆபத்துகளை உறுப்பு உறுப்பாக எழுதினார்: நுரையீரலில் சளி, காலில் இரத்தக் கட்டி, தோலில் புண், எலும்பில் சுண்ணச் சத்து இழப்பு. மாரடைப்பு நோயாளியை ஆறு வாரம் அசையாமல் கிடத்தும் வழக்கத்துக்கு எதிராக, பாஸ்டனில் சாமுவேல் லெவினும் பெர்னார்ட் லோனும் 1950களின் தொடக்கத்தில் நாற்காலியில் உட்காரவைக்கும் சிகிச்சையை முன்வைத்தனர்.

படுக்கை நல்லதா என்ற கேள்வியை அடியோடு முடித்துவைத்தது 1966இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் நடந்த ஆய்வு. நலமான ஐந்து இளைஞர்கள் மூன்று வாரம் படுக்கையிலேயே இருந்தனர். அவர்கள் உடல் உயிர்வளியைப் பயன்படுத்தும் உச்சத் திறன் நான்கில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. 30 ஆண்டுகள் கழித்து அதே ஐவரையும் மீண்டும் சோதித்தபோது, அத்தனை ஆண்டு முதுமை செய்த சேதத்தைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதமே பெரிதாக இருந்தது தெரிந்தது.

போர்க்காலம் வரை, தண்டுவடம் முறிந்தவர்களின் நிலை இன்னும் கொடியதாக இருந்தது. படுக்கைப்புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் அவர்களில் பெரும்பாலோர் சில மாதங்களில் இறந்தனர். நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த நரம்பியல் மருத்துவர் லுட்விக் குட்மான் 1944 பிப்ரவரியில் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் இவர்களுக்கான பிரிவைத் திறந்தார். இரவும் பகலும் இரண்டு மணிக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிவிடுவது முதல் விதி. அடுத்து, செயலுள்ள தோளையும் முதுகையும் வளர்ப்பது. வில்வித்தை அதற்குப் பொருத்தமாக அமைந்தது: நாணை இழுக்கத் தோள் வேண்டும், இழுக்கும்போது சாயாமல் உட்கார உடற்கட்டு வேண்டும். லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய 1948 ஜூலை 29 அன்றே 16 நோயாளிகள் ஸ்டோக் மாண்டவில் புல்வெளியில் வில்வித்தைப் போட்டியில் இறங்கினர். 1960 ரோமில் அது பாராலிம்பிக் ஆயிற்று.

இந்தியாவும் வேலூரும்

1950களின் தொடக்கத்தில் பம்பாயில் போலியோ பரவியதையொட்டி, உலக சுகாதார அமைப்பின் உதவியோடு அங்குள்ள கே.இ.எம். மருத்துவமனை வளாகத்தில் இயன்முறை மருத்துவப் பள்ளி உருவானது. 1955இல் இந்திய இயன்முறை மருத்துவர் சங்கம் அமைந்தது.

தமிழ்நாட்டின் பங்களிப்பு வேறொரு நோயிலிருந்து வந்தது. கொல்லிமலையில் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயில் விரல்கள் மடங்கி இறுகுவதற்குக் காரணம் கையின் நரம்பு செயலிழப்பது. முன்கைத் தசைகளில் பல வலுவாகவே இருக்கும். அந்த வலுவான தசைகளில் ஒன்றின் தசைநாணை எடுத்து விரல்களில் இணைத்தால் கை திறக்கும் என்று கண்டு, 1940களின் இறுதியில் அறுவைகளைத் தொடங்கினார்.

ஆனால் கத்தி பாதி வேலையைத்தான் செய்யும். மணிக்கட்டை மேலே தூக்கும் தசையை விரலுக்கு மாற்றிவிட்டாலும், மூளைக்கு அது இன்னும் மணிக்கட்டுத் தசைதான். மூன்று வாரம் கழித்து மாவுக்கட்டைப் பிரித்ததும் பிசியோதெரபிஸ்ட் நோயாளியின் முன்கையை மேசைமேல் வைத்து, "விரலை மறந்துடுங்க, மணிக்கட்டைத் தூக்குற மாதிரி நினைங்க" என்பார். நினைத்த மாத்திரத்தில், பல ஆண்டுகளாகச் சுருண்டிருந்த விரல்கள் அடிக்கணுவில் மடங்கி நுனி நீளும். அதைத் திரும்பத் திரும்பச் செய்து, முதலில் மரக்கட்டையைப் பிடிக்கவும், பிறகு சோற்றை அள்ளவும் பழக்குவார். வாரங்கள் செல்லச் செல்ல மணிக்கட்டை நினைக்கவேண்டிய அவசியமே போய்விடும்.

இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. மற்ற நோயாளிகளிடம் பயிற்சியின் அளவை வலி கட்டுப்படுத்தும். தொழுநோயாளியின் கையில் வலி இல்லை. அளவு மீறினாலும் அவருக்குத் தெரியாது. எனவே பயிற்சிக்கு முன்னும் பின்னும் தோலின் சிவப்பையும் சூட்டையும் பார்த்து அளவை முடிவு செய்யும் வழக்கம் உருவானது. வலியை எதிரியாக மட்டும் பார்த்துப் பழகிய மருத்துவத்துக்கு வலி செய்யும் காவலை எடுத்துக்காட்டியது பிராண்டின் பெரும் பங்களிப்பு.

அவரோடு பணியாற்றிய மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் சாலை விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே கை அறுவைகள் செய்தார். நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க்கின் நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறையை நடத்தினார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறும் பயிற்சியைத் தாமே நாளும் செய்த ஒருவர் பிறருக்குக் கற்பித்த இடம் அது.

நரம்பும் பயிற்சியும்

போலியோ தடுப்பூசி 1955இல் வந்தபின் மேற்கு நாடுகளில் இத்துறையின் கவனம் பக்கவாதத்துக்கும் மூளைவாதக் குழந்தைகளுக்கும் திரும்பியது. பெர்லினிலிருந்து அகதியாக லண்டன் வந்த உடற்பயிற்சி ஆசிரியை பெர்த்தா போபாத், தம் கணவர் கரேலோடு சேர்ந்து, இறுக்கத்தைத் தணித்து இயல்பான அசைவைக் கையால் வழிநடத்தும் முறையை உருவாக்கினார். கலிபோர்னியாவில் ஹெர்மன் கபாட்டும் மார்கரெட் நாட்டும் கைகால்களைக் குறுக்காக, திருகலோடு அசைக்கும் முறையை வகுத்தனர். இம்முறைகள் பல பத்தாண்டுகள் ஆட்சி செய்தன. வலிமைப் பயிற்சி தந்தால் இறுக்கம் கூடும் என்ற போபாத் மரபின் அச்சத்தைப் பின்வந்த ஆய்வுகள் உறுதிசெய்யவில்லை.

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டாப் முன்வைத்த முறை அணுகுமுறையையே மாற்றியது. பக்கவாதத்தில் விழுந்த கையைப் பயன்படுத்திப் பார்த்துத் தோற்ற நோயாளி, நல்ல கையாலேயே எல்லாவற்றையும் செய்யப் பழகுகிறார். நரம்பு ஓரளவு தேறிய பின்னும் அந்தப் பழக்கம் போவதில்லை. எனவே விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு, நலிந்த கைக்கு இரண்டு வாரம் நாளொன்றுக்குப் பல மணி நேரம் வேலை தந்தார். 222 பேரிடம் நடந்த அமெரிக்க ஆய்வு 2006இல் இதன் பயனை உறுதி செய்தது. ஆனால் விரலையும் மணிக்கட்டையும் சிறிதளவாவது நிமிர்த்த முடிந்தவர்களுக்கே இது பொருந்தும்.

சீக்கிரம் எழுப்புவது நல்லது என்றால் மிகச் சீக்கிரம் எழுப்புவது இன்னும் நல்லது என்று தோன்றும். அந்த எண்ணத்தை 2015இல் வெளியான ஆய்வு திருத்தியது. ஐந்து நாடுகளில் 2,104 பக்கவாத நோயாளிகளிடம் நடந்த அதில், 24 மணி நேரத்துக்குள் எழுப்பி அதிக நேரம் நடமாட வைக்கப்பட்டவர்கள், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட மூன்று மாதத்தில் சற்றே பின்தங்கினர். குறுகிய நேரம், பல தடவை என்பதே நல்ல அளவு என்று பின்னர் செய்த பகுப்பாய்வு காட்டியது.

முதுகு, குதிகால், முதுமை

முதுகுவலிக்குப் பலகைமேல் பல வாரம் படுக்கவைத்த காலம் போயிற்று. அமெரிக்க மருத்துவர் ரிச்சர்ட் டேயோ 1986இல், ஏழு நாள் படுக்கையைவிட இரண்டு நாள் படுக்கையால் ஒரு குறையும் இல்லை என்று காட்டினார். 1995இல் ஹெல்சிங்கி நகர ஊழியர்களிடம் நடந்த ஆய்வு இன்னும் ஒருபடி போயிற்று: புதிதாக முதுகு பிடித்தவர்களில், இயன்ற அளவு வழக்கமான வேலையைத் தொடர்ந்தவர்களே படுத்தவர்களையும் தனிப்பயிற்சி செய்தவர்களையும் முந்தினர். பயிற்சி தேவைப்படாத கட்டம் ஒன்று உண்டு என்று சொன்ன இந்த முடிவைப் பயிற்சியில் நம்பிக்கை உள்ளவர்கள் நேர்மையோடு ஏற்கவேண்டும். நாட்பட்ட முதுகுவலியில்தான் பயிற்சி முன்வரிசைக்கு வருகிறது.

சுவீடனின் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் 1998இல், ஓடுபவர்களின் குதிகால் நாண் வலிக்குப் படி விளிம்பில் நின்று குதிகாலை மெல்லக் கீழிறக்கும் பயிற்சியை நாளுக்கு 180 தடவை, 12 வாரம் தந்தார். ஓரளவு வலித்தாலும் நிறுத்த வேண்டாம் என்றார். அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பு பாஸ்டனில் மரியா ஃபியாடரோன், முதியோர் இல்லத்தில் 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி தந்திருந்தார். முடித்தவர்களின் தொடை வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. நடை வேகமும் கூடியது. வயதானவர்கள் மெல்லக் கையைக் காலை ஆட்டினால் போதும் என்ற பரிவான எண்ணம் அவர்களுக்குச் செய்த தீங்கை இந்தச் சிறிய ஆய்வு அம்பலப்படுத்தியது.

இன்றைய நடைமுறை

இந்தியாவில் 2021இல் நிறைவேறிய துணைநிலை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் இயன்முறை மருத்துவத்தையும் உள்ளடக்கியது. அதே ஆண்டு ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடிச் செல்லும் பிசியோதெரபியும் ஒன்று. பக்கவாதத்தில் விழுந்தவரை வாரம் பலமுறை ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுவர முடியாத குடும்பங்களுக்கு இது நேரடி உதவி.

வீட்டுக்குப் போகும்போதுதான் பயிற்சியின் இலக்கு எவ்வளவு இடத்தைப் பொறுத்தது என்பது தெரியும். மேற்கத்திய நூல்கள், முழங்கால் மாற்று அறுவைக்குப் பின் மூட்டு 110 பாகை வரை மடங்கினால் அன்றாட வாழ்வுக்குப் போதும் என்று கணக்கிடுகின்றன. நாற்காலியிலிருந்து எழவும் படி ஏறவும் அது போதும். தரையில் சம்மணமிட்டுச் சாப்பிடவும் குந்திக் கழிவறை போகவும் அதற்கு மேலும் கணிசமாக மடங்க வேண்டும். பல செயற்கை மூட்டுகளுக்கு அந்த அளவு ஏற்றதும் அல்ல. எனவே முதல் நாளே பிசியோதெரபிஸ்ட் கேட்க வேண்டிய கேள்விகள் மூட்டைப் பற்றியவை மட்டுமல்ல: வீட்டில் எந்த வகைக் கழிவறை, வாசலில் எத்தனை படி, சமையல் மேடையிலா தரையிலா, கட்டிலா பாயா. அதைப் பொறுத்து, மூட்டு அனுமதித்தால் தரையில் உட்கார்ந்து எழுவதை முழங்காலூன்றி, முக்காலியைப் பிடித்து, ஒரு காலை முன்வைத்து எனப் படிப்படியாகப் பிரித்துக் கற்றுத்தருவார். அனுமதிக்காவிட்டால் கழிவறையை மாற்றச் சொல்லி, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவதைத் தினப் பயிற்சியாக எழுதிக்கொடுப்பார்.